முதல் இருக்கை: சீட்டாட்டமும் திறமை குறித்த வழக்குகளும்

சீட்டாட்டத்தில் மற்றவர் என்ன சொல்வார் என்று தெரியாமலே முதலில் பேச வேண்டியவரின் இடத்தை முதல் இருக்கை எனலாம். போக்கர் ஆட்டத்தில் இந்த இடம் மிகவும் சங்கடமானது. தமிழ்நாட்டில் போக்கர் சூதா, திறமையா என்று எழுந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள இதிலிருந்து தொடங்குவதே எளிது.

போக்கரில் சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயப் பணம் வைப்பர். ஆளுக்கு இரண்டு சீட்டு வந்ததும், அவர்களுக்கு அடுத்து இருப்பவர் முதலில் முடிவு சொல்ல வேண்டும். ஒன்பது பேர் ஆடினால் அவருக்குப் பின் எட்டுப் பேர் காத்திருப்பர். பிளஸ் ஒன் மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 52 சீட்டுகளில் இரண்டை எடுக்கும் சேர்வுகள் 1,326. இரட்டை ஏஸ், இரட்டை ராஜா, இரட்டை ராணி, ஏஸும் ராஜாவும் ஆகிய மிக வலுவான கைகள் 34. அதாவது 39-இல் ஒன்று. எட்டுப் பேரில் ஒருவரிடமாவது அப்படி ஒரு கை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. பின்னால் இருவர் மட்டும் இருந்தால் அது சுமார் 5 விழுக்காடே. எனவே தேர்ந்தவர்கள் முதல் இருக்கையில் பெரும்பாலான கைகளைக் கீழே வைத்துவிடுவர். ஆடுவதென்றால் சும்மா ஈடு கொடுக்காமல் பந்தயத்தை உயர்த்துவர். அதே சீட்டைக் கடைசி இருக்கையில் துணிந்து ஆடுவர். சீட்டு வருவது அதிர்ஷ்டம். அதை எந்த இடத்திலிருந்து ஆடுவது என்பது கணக்கு.

இது நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தமிழரிடையே பெயர்பெற்ற 304 ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒரு வகைக்கு 76. நான்கு வகைக்கும் 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்ததும் போடுபவரின் வலப்பக்கத்தார் கேள்வியைத் தொடங்குவார். எதிரே இருக்கும் கூட்டாளியின் கை அவருக்குத் தெரியாது. ஜாக்கியும் ஒன்பதும் உயர்ந்து நிற்கும் இந்த முறை டச்சுக்காரர்களின் யாஸ் ஆட்டத்தை ஒத்தது. 1658 முதல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் வசம் இருந்தன என்பது இங்கே நினைக்கத்தக்கது.

இனி சட்டம். சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் 1930-ஆம் ஆண்டினது. வெறும் திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கு இருந்தது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3 அன்று இணைந்தது. 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆடுவதால் ரம்மி பெரிதும் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை அப்படிக் கருதவில்லை.

இணையம் வந்தபின் நிலைமை மாறியது. பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வரவே, தமிழக அரசு 2021-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

போக்கரில் திறமை உண்டு என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும். ஆனால் அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது? நேற்று செயலியை இறக்கிய இளைஞனுக்கு இருக்கை வேறுபாடே தெரியாது. அவனை வெல்பவர் தேர்ந்த ஆட்டக்காரர். யார் வென்றாலும் நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு. நீதிமன்றத்தில் ஆட்டத்தைக் காத்த வாதமே, என் பார்வையில், புதியவன் ஏன் தோற்கிறான் என்பதற்கும் விளக்கம்.

2025-இல் மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களைத் தடுத்தன. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், இணையத்தில் பணம் கட்டி ஆடுவதைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடின்றித் தடை செய்தது.