சவுக்கும் நம் நிறுவனமும்

கோவை வன வளாகத்தின் வரலாறு நம் நிறுவனத்துக்கும் மூத்தது. 1902-இல் வனப் பாதுகாவலர் எச்.ஏ.காஸ் பெயரில் அருங்காட்சியகம் எழுந்தது. 1912-இல் சென்னை வனக் கல்லூரி தொடங்கியது. அந்த மரபின் மீதுதான் 1988-இல் நம் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் உருவானது.

தொடக்கத்திலேயே கையிலெடுத்த மரங்களுள் சவுக்கு முதன்மையானது. பார்வைக்கு ஊசியிலை மரமாயினும் இது பைன் இனமன்று. ஊசிகளாகத் தெரிபவை பச்சைச் சிறுகிளைகள். உண்மை இலைகள் கணுக்களில் செதில்களாய் ஒட்டியிருக்கும். ரயில் எஞ்சின் விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரையில் நடப்பட்ட இம்மரம், பின்னர் உழவரின் பணப்பயிரானது. ஆயினும் விதைக் கன்றுத் தோப்பில் ஒரே நாளில் நட்ட இரு மரங்கள் ஒத்து வளர்வதில்லை. ஒன்று பருத்து நிமிரும். அடுத்தது நோஞ்சானாய் நிற்கும். இழப்பு உழவருக்கே.

இதற்கு வழி திறந்த பெருமை கே.குருமூர்த்திக்கும் ஆர்.எஸ்.பண்டாரிக்கும் உரியது. சிறுகிளைத் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்யும் முறையை அவர்கள் 1988-இல் வெளியிட்டனர். சிறந்த தாய்மரத்தை அதே மரபணுவுடைய கன்றுகளாக, அதாவது குளோன்களாக, அப்படியே பெருக்க முடிந்தது. 1990-களில் பன்னாட்டு விதைமூலச் சோதனைகள் நடந்தன. இந்தோனேசியச் சவுக்கு இனமான ஜங்ஹூனியானாவுடன் கலந்து உருவாக்கிய கலப்பினக் குளோன்கள் அடுத்து வந்தன.

நல்ல குளோனைத் தேர்ந்தெடுப்பது கண்ணால் ஆகும் வேலையன்று. 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, மொத்த உயரம் இரண்டையும் ஆண்டுதோறும் குறிக்க வேண்டும். பின் மாதிரி மரங்களை வெட்டி, தண்டு, கிளை, தழை எனப் பிரித்து நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்த வேண்டும். அப்போதுதான் சுற்றளவைக் கொண்டே எடையைக் கணிக்கும் சமன்பாடு கிடைக்கும். ஒரே சுற்றளவுள்ள இரு குளோன்கள் ஒரே எடை தருவதில்லை. மரக்கட்டையின் அடர்த்தியும் தண்டு மேலே குறுகும் விதமும் குளோனுக்குக் குளோன் வேறு. ஆகவே ஒரே சமன்பாட்டை எல்லாவற்றுக்கும் போட இயலாது. வெயிலில் கத்தி பிடித்தும் தராசு சுமந்தும் இந்த எண்களைத் தந்த களப்பணியாளர்களை இம்மலர் நன்றியோடு வணங்குகிறது.

பாலக்காட்டு எல்லையில், வாளையாற்றுக்கு அருகிலுள்ள நம் பனம்பள்ளி நிலையமும் மரக் குளோன்களின் களச் சோதனைக்கு இடம் தந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தொடர்ந்து ஆடும் மரம், உயரத்தைக் குறைத்து அடியில் பருக்கிறது. ஓரிடத்துக் கணக்கு மற்றோரிடத்துக்குப் பொருந்தாமல் போவது அதனாலும்தான்.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ச் சவுக்குத் தோப்புகளைச் சாய்த்தது. காற்றைத் தாங்கும் குளோன்களுக்கான தேடல் அதன்பின் மேலும் அவசரமானது. இன்று நிறுவனத்தின் குளோன் கன்றுகள் காகித ஆலைகளுக்கான கூழ்மரத் தோப்புகளிலும், வாழைத் தோட்டங்களின் காற்றுத்தடை வரிசைகளிலும் வளர்கின்றன.