டீத்தூளும் டால்டாவும்: இலங்கை ஏற்றுமதியின் கதை

எங்கள் எதிர் ஃப்ளாட்காரர் போன மாதம் கொழும்பு போய்விட்டு வந்து ஒரு பாக்கெட் நுவரெலியா டீத்தூள் கொடுத்தார். தார்நாகா வந்த பிறகு இரானி சாயாவிலேயே ஊறிப்போன நாக்குக்கு முதலில் மெலிசாகத்தான் பட்டது. ஆனால் வாசனை, அடடா! "பக்கத்து நாடுதானே சார், இது ஏன் நம்ம கடைகள்ல சுலபமா கிடைக்கறதில்லை?" என்று கேட்டார். பதில் சொல்ல இருபத்தைந்து வருஷம் பின்னால் போகவேண்டும்.

1998 டிசம்பர் 28 அன்று சந்திரிகா குமாரதுங்காவும் வாஜ்பாயும் தில்லியில் ஒரு தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் அது அமலுக்கு வந்தது. சின்ன நாடு என்பதால் இலங்கைக்குச் சில சலுகைகள். இந்தியா தன் வரிகளை மூன்று வருஷத்தில் நீக்க வேண்டும், இலங்கைக்கு எட்டு வருஷ அவகாசம். வரி குறைக்க மாட்டோம் என்று இந்தியா ஒதுக்கி வைத்த பொருட்கள் 429. இலங்கை ஒதுக்கியது 1,180.

ஆனால் இலங்கை எதை நன்றாகச் செய்கிறதோ, அங்கேதான் கடிவாளம். தேயிலைக்கு வருஷம் 15 மில்லியன் கிலோ வரைதான் சலுகை, அதுவும் ஆரம்பத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும். ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும். நீலகிரி, அஸ்ஸாம் தோட்டக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும் சும்மா இருப்பார்களா?

இத்தனைக்கும் கணக்கு பிரமாதமாக ஏறியது. 1999ல் 50 மில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த இலங்கையின் ஏற்றுமதி, 2005ல் சுமார் 560 மில்லியன். எதை விற்றார்கள் என்று பார்த்தால்தான் தலை சுற்றும். ஏறக்குறைய பாதி, வனஸ்பதியும் செம்பும்! செம்புச் சுரங்கம் நடத்தாத நாடு, பாமாயிலை வெளியிலிருந்து வாங்கும் நாடு.

சூட்சுமம் வரியில் இருந்தது. பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. மலேசியா, இந்தோனேசியா எண்ணெயைக் கொழும்பில் இறக்கி, வனஸ்பதியாக்கி அனுப்பினால் இந்தியாவில் வரியே இல்லை. ஆலை போட்டவர்களில் பலர் இந்திய முதலாளிகள்தான். உள்நாட்டில் 35 சதவீதம் மதிப்புக் கூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டுவது 'எங்கே செய்தது' என்று சொல்லும் ஒரு சான்றிதழ்.

என் தொழிலில் இது தினம் பார்க்கும் சங்கதி. எல்.சி. விஷயத்தில் வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. சான்றிதழ் ஒழுங்காக இருந்தால் பணம் போய்விடும். உள்ளே எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று காகிதம் சொல்லாது.

இந்திய ஆலைகள் கூக்குரலிட்டன. 2006ல் வனஸ்பதிக்கு வருஷம் 2.5 லட்சம் டன் என்று வரம்பு வந்தது. இந்தியா தன் வரிகளைக் குறைத்ததும் செம்பு, வனஸ்பதி இரண்டிலும் லாபம் கரைந்தது. 2009ல் ஏற்றுமதி 320 மில்லியன் டாலர் வாக்கில் வந்து நின்றது. அந்த வருஷத்து உலக மந்தமும் ஒரு காரணம்தான். ஆனால் வரி வித்தியாசத்தை நம்பிப் போட்ட ஆலைக்கு வேறு என்ன கதி? முதலாளி வேறு தொழிலுக்குப் போய்விடுவார். ஆலையை நம்பி வேலைக்குச் சேர்ந்தவர்கள் எங்கே போவார்கள்?

பெரிய நஷ்டம் வேறு: நம்பிக்கை. இந்தியா ஒவ்வொரு பெட்டியையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்ற புகார் வலுக்க, 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். தன் தோட்டத்தில் நிஜமாகவே மிளகு பறிக்கும் மாத்தளை விவசாயிக்கும் அதே தடைதான். அந்தப் பக்கமும் பயம்: சேவைகளையும் சேர்த்த 'செபா' ஒப்பந்தம் 2008ல் கையெழுத்தாகும் என்று எதிர்பார்த்தார்கள், இலங்கை பின்வாங்கிவிட்டது.

நின்று பிடித்தவையும் உண்டு. மின் கேபிள், மரப்பலகை, கால்நடைத் தீவனம் இதெல்லாம் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன. அங்கே நிஜமாகவே வேலை நடக்கிற தொழில்கள். இன்னொரு பாதையும் இருந்தது. இலங்கையின் பிராண்டிக்ஸ் ஆந்திராவுக்கே வந்து, விசாகப்பட்டினம் பக்கம் அச்சுதாபுரத்தில் ஆடைப் பூங்கா அமைத்தது. சம்பளம் இந்தப் பக்கம், லாபம் அந்தப் பக்கம்.

ஒப்பந்தம் கதவைத் திறந்துதான் விட்டது. ஆனால் நல்ல சரக்குக்குப் பாதிக் கதவு, வரி வித்தியாசத்துக்கு முழுக் கதவு என்று ஆகிப்போனது. அடுத்த ஒப்பந்தம் பேசுகிறவர்கள் மொத்த டாலரை எண்ணுவதற்கு முன்னால், அதில் எவ்வளவு நுவரெலியாவிலும் மாத்தளையிலும் பறித்தது என்று எண்ணினால் நல்லது.

எதிர் வீட்டுக்காரரிடம் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பாக்கெட்டில் இன்னும் பாதி இருக்கிறது, வாருங்கள்.