கடிநாயும் நஷ்டஈடும்

"வாயில்லா ஜீவன் செய்ததற்கு நான் என்ன செய்வேன்?" என்று நாய் வளர்ப்பவர் கைவிரிக்க, கடிபட்டவர் மருத்துவச் செலவைத் தாமே சுமந்து மௌனமாகிவிடுகிறார். விலங்கு தானாகச் செய்த சேதத்திற்கு ஈடில்லை என்பது ஷரீஅத்தின் பொதுவிதிதான். ஆயினும் ஃபுகஹாக்கள் அத்துடன் நின்றுவிடவில்லை.

டமாஸ்கஸில் ஹிஜ்ரி 620இல் (கி.பி. 1223) மறைந்த ஹன்பலி மத்ஹபின் மேதை இமாம் இப்னு குதாமா (ரஹ்) தமது 'அல்முக்னீ' நூலில் இதனை விவரிக்கிறார். கடிக்கும் நாயை வளர்த்து அவிழ்த்துவிட்டவர், அது மனிதரைக் கடித்தாலும் ஆடையைக் கிழித்தாலும் ஈடு தரவேண்டும். இரவானாலும் பகலானாலும் சட்டம் ஒன்றே. அத்தகைய நாயை வைத்திருந்ததே அவரது குற்றம்! ஆகவே கடிபட்டவர் கேட்பது யாசகமன்று, உரிமை. அனுமதியின்றி வீட்டினுள் நுழைந்தவருக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. அதே நாய் பாத்திரத்தில் வாய்வைத்தால்? ஈடில்லை, எல்லா நாயும் செய்வதுதானே அது! பிறர் வீட்டுக் கோழிக்குஞ்சுகளைத் தின்னும் பூனையை வளர்ப்பவரையும் இமாமவர்கள் விட்டுவைக்கவில்லை.