பாறசாலை வழியே செல்லும் கலைமகள்

நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள். 1956-இல் மாநில எல்லை குறுக்கே வந்த பின்னரும் அப்பயணம் நிற்கவில்லை. அங்கே நவராத்திரி மண்டபத்தில், அவள் திருமுன் ஒன்பது நாள் கச்சேரி நிகழும். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகளும் நாள்முறைப்படி வரையறுக்கப்பட்டவை. ஆகவே இரசிகர்களின் ஊகத்துக்கு எஞ்சுவது, பாடுபவர் யார் என்பது மட்டுமே. அவ்வூகத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது: பாடுபவர் ஆணாகவே இருப்பார்.

1924-இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள், 1939-இல் தொடங்கப்பெற்ற சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பின்னர் அங்கேயே ஆசிரியை. ஆண்டுதோறும் தம் ஊர் வழியே சென்ற கலைமகளின் முன் அம்மண்டபத்தில் பாட, அவர் 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. அங்குப் பாடிய முதல் பெண் அவரே.