நான்காம் வேற்றுமையில் ஒரு கிராமம்: நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கமும் வெள்ளகோவில் கொறங்காடும்

சேவைவழிக் கற்றலை நம் கல்லூரிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் எப்படித் தொடங்குவது என்று கேட்டால், இத்துறையில் எழுதுவோரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று வரும். 1960களில் அமெரிக்காவில் பெயர் பெற்ற முறை அது, அங்கிருந்துதான் கற்க வேண்டும் என்பது ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டம் என்ற பெயரில் 1969 முதலே அது நம்மிடம் இருக்கிறது, புதிதாகத் தொடங்க ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முதல் விடையோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. இரண்டாவதோடு உண்டு.

திட்டத்தின் கையேட்டில் கற்றல் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கையேட்டில் உள்ளது களத்துக்கு வந்து சேரவில்லை. நிதிப் பற்றாக்குறையையும் ஆர்வக் குறைவையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அவற்றுக்கும் முன்னதாக, முழக்கத்தை நாம் வாசித்த விதத்திலும் மணிநேரத்தைப் பிரித்த விதத்திலும் ஒரு வழுவல் நேர்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வழுவல் என்ன செய்யும் என்பதைக் காட்ட வெள்ளகோவில் வட்டாரத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்கிறேன்.

முழக்கத்திலிருந்து தொடங்கலாம். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டத்துக்கு வாய்த்த முழக்கம் 'நாட் மீ பட் யூ'. திட்டத்தின் தலையாய நோக்கமாகக் கையேடு சொல்வதோ சமூகப் பணியின் வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பது. குறிக்கோள்களின் பட்டியலைப் பார்த்தாலும் அதே கதைதான். தான் பணிசெய்யும் சமூகத்தைப் புரிந்துகொள்வது முதலில் வருகிறது. அச்சமூகத்தோடு தனக்குள்ள உறவில் தன்னைப் புரிந்துகொள்வது அடுத்து வருகிறது. சிக்கல்களைக் கண்டறிவதும் தீர்ப்பதும் அதற்குப் பிறகே. நோக்கம் முழுக்க 'என்' வளர்ச்சியைப் பேசுகிறது. முழக்கம் 'நான் இல்லை' என்கிறது. இரண்டும் எப்படி ஒரே திட்டத்தில் குடியிருக்கின்றன?

வழக்கமான வாசிப்பு இதைச் சாதாரண முரணாக எடுத்துக்கொண்டது. நோக்கம் ஆவணத்துக்கு, முழக்கம் மேடைக்கு என்று பிரித்து வைத்துவிட்டு நகர்ந்தது. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. முழக்கத்துக்குக் கையேடே ஒரு விளக்கம் தருகிறது. அதில் தன்னலமற்ற சேவை ஒரு பாதி. அடுத்தவரின் பார்வைக் கோணத்தை மதித்து உணர்வது இன்னொரு பாதி. இரண்டாம் பாதி ஈகையைப் பற்றியதன்று, அறிதலைப் பற்றியது. 'இங்கே பார்க்க வேண்டியது என் கண்ணால் அல்ல, உன் கண்ணால்' என்று அதை விரித்தால், நோக்கத்துக்கும் முழக்கத்துக்கும் இடையில் முரணே இல்லை. மற்றவரின் கண்ணால் பார்க்கப் பழகுவதுதானே ஆளுமை வளர்ச்சி.

தமிழில் இந்த இரண்டாம் பாதி காணாமல் போனது. முகாம் மேடைகளில் முழக்கம் 'எனக்காக அல்ல, உனக்காக' என்று ஒலிக்கும். காதுக்கு இனிமைதான். ஆனால் மூலத்தில் இல்லாத ஒரு வேற்றுமையை அது உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஆங்கிலத் தொடரில் 'மீ' என்பது வடிவத்தில் செயப்படுபொருள் என்றாலும் பேச்சு வழக்கில் எழுவாயின் இடத்திலும் நிற்கும். வினைச்சொல்லும் இல்லாததால், யார் தருகிறார், யார் பெறுகிறார், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதெல்லாம் திறந்தே கிடக்கின்றன. தமிழில் 'க்காக' வந்து ஒட்டியதும் கதவு சாத்திக்கொள்கிறது. 'நான்' செய்பவன், 'நீ' பயனாளி. செயல் முழுவதும் என் கையில். உனக்கு மிஞ்சுவது பெற்றுக்கொள்வது மட்டும்.

ஒரு சொல்லுருபின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொழிபெயர்ப்பு ஒன்றே நடைமுறையைத் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை; ஏற்கெனவே ஊறிக் கிடந்த ஈகை மனப்பான்மைக்கு அது வாய்ப்பான வாய்பாடாக அமைந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நம் இலக்கணிகள் இந்த இடத்தில் நம்மைவிடக் கூர்மையாக இருந்தார்கள். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் கொடை உண்டு, பொருட்டு உண்டு, பகையும் நேர்ச்சியும் உண்டு, முறையும் உண்டு. 'இரவலர்க்கு ஈந்தான்' என்பது கொடை. 'சாத்தனுக்கு மகன்' என்பது முறை. முன்னதில் ஒரு பொருள் கைமாறுகிறது. பின்னதில் எதுவும் கைமாறுவதில்லை. இருவர் ஒருவருக்கொருவர் இன்னாராக நிற்கிறார்கள். 'உனக்காக' என்பதை நாம் எப்போதும் கொடைப் பொருளிலேயே கேட்டுப் பழகிவிட்டோம். முறைப்பொருளுக்கும் அங்கே இடமுண்டு.

இனி மணிக்கணக்கு. ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணிநேரம், இரண்டாண்டுகளில் 240 மணிநேரம் பணிசெய்ய வேண்டும். அதோடு ஒரு சிறப்பு முகாமும் உண்டு, இப்போது அது ஏழு நாள். அந்த 120ஐக் கையேடு மூன்றாகப் பிரிக்கிறது: அறிமுகப் பயிற்சிக்கு 20, வளாகப் பணிக்கு அதிகபட்சம் 30, சமூகப் பணிக்கு எஞ்சிய 70. திட்டத்தில் கற்றலுக்கு இடமுண்டு என்று வாதிடுவோர் முதல் 20 மணியைச் சுட்டுவார்கள். நான் அதே 20 மணியை எதிர்வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயிற்சி நடப்பது வளாகத்துக்குள். பேசுவோர் திட்ட அலுவலரும் அழைக்கப்பட்ட விருந்தினரும். அது முடிந்த பிறகே மாணவர் கிராமத்துக்குப் போகிறார். கற்க வேண்டியதைக் கற்றுவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கப் போகிறார் என்றுதானே இதற்குப் பொருள்? 70 மணிநேரம் களத்தில் கண்டதைத் திரும்பி வந்து உட்கார்ந்து பேசவும் எழுதவும் என்று இந்தப் பிரிவினையில் ஒரு மணிநேரம்கூட ஒதுக்கப்படவில்லை. கற்றல் முன்னால் வைக்கப்பட்டது, பின்னால் வைக்கப்படவில்லை. இக்கட்டுரையில் கண்டுபிடிப்பு என்று நான் உரிமை கோருவது இந்த ஒன்றைத்தான்.

நல்ல திட்ட அலுவலர்கள் இரவில் முகாமில் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் செய்கிறார்கள் என்பது உண்மை. அது அந்த அலுவலரின் நற்குணம். திட்டத்தின் அமைப்பு அன்று. அவர் மாற்றலாகிப் போனால் வட்டமும் போய்விடும்.

திட்டத்தின் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். அலகு ஒவ்வொன்றும் ஒரு கிராமத்தைத் 'தத்தெடுக்கிறது'. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோர் ஆகிறார்கள். பலநூறு ஆண்டு பழைய ஊர் குழந்தை ஆகிறது. குழந்தையிடம் யாரும் பாடம் கேட்பதில்லை. சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவில், அங்கே சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர் அமைப்பினரின் முகத்துக்கு நேரே கடுமையாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர் 'வராதீர்கள்' என்றார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 'இப்படி வராதீர்கள்' என்கிறேன்.

வெள்ளகோவிலுக்கு வருவோம். திருப்பூர் மாவட்டத்தில், கரூர் சாலையில், விசைத்தறிக்கும் எண்ணெய் ஆலைக்கும் முருங்கைக்காய்ச் சந்தைக்கும் பேர்போன ஊர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை. ஊரைச் சுற்றி மழை குறைவு, மண் பொறுமைசாலி. இங்கே கோடையில் ஒரு மாணவர் குழு வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் படுவது வெறுங்காடு. நாலைந்து ஏக்கருக்கு ஒன்றாகத் துண்டுதுண்டாக வேலியடைத்த நிலம். வேலியில் இலையில்லாத குச்சிகள். உள்ளே காய்ந்த புல். அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் குடைபோல நிற்கும் முள்மரம். இருபது மணிநேரப் பயிற்சியில் சூழல் பாதுகாப்பு பற்றிக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இது தரிசு. தரிசைக் கண்டால் மரக்கன்று நடத் தோன்றும். நட்டுப் படமும் எடுத்தாயிற்று என்றால் முகாம் அறிக்கை முழுமை பெற்றுவிடும்.

அது தரிசில்லை, கொறங்காடு. காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்த மேய்ச்சல் நிலம். இலையில்லாத குச்சிகள் கிளுவை. கோடையில் இலையுதிர்த்துச் செத்ததுபோல் நின்று, மழை கண்டதும் தளிர்க்கும் உயிர்வேலி. கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். வேலி இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும், நாள் முழுக்க ஆள் நிற்க வேண்டியதில்லை. காய்ந்து கிடப்பது கொழுக்கட்டைப் புல். மேலே கருகினாலும் தூரில் உயிர் இருக்கும். முள்மரம் வெள்வேல், அதன் நிழல் அடர்த்தியில்லாததால் கீழே புல் வளர்கிறது, காய் கால்நடைக்குத் தீனி. ஒரு காட்டில் மேய்த்து இன்னொன்றை ஆறவிடும் கணக்கும் இதில் உண்டு. இந்த நிலத்தில் நெருக்கி மரக்கன்று நட்டால் இரண்டு கேடு வரும். கன்றைக் காக்க மேய்ச்சலை நிறுத்த வேண்டும். கன்று பிழைத்து மரமானால் நிழலில் புல் போய்விடும். மாணவருக்குக் கிடைப்பது சான்றிதழ், மாட்டுக்குக் கிடைப்பது பட்டினி.

நல்லெண்ணத்தோடு பரப்பிய மரம் பின்னாளில் சுமையாகும் என்பதற்கு நாம் வெளியே தேட வேண்டாம். விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பரப்பிய சீமைக் கருவேலத்தை இன்று அதே நாட்டு நலப்பணி மாணவர்கள் மண்வெட்டி எடுத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நடவும் தொண்டு, பிடுங்கலும் தொண்டு. நடுவில் கற்றது என்ன என்று எழுதி வைத்தவர்தான் இல்லை.

ஆக, கொறங்காட்டில் தொடங்க வேண்டிய முதல் வேலை நடவன்று, கேள்வி. 'இந்தக் குச்சிக்குப் பேரென்னங்க? இதை எந்த மாசம் ஊணுவீங்க? இந்தக் காட்டுல இப்ப ஏன் மாடு இல்லீங்க?' என்று கேட்கத் தெரிந்த மாணவர் முதல் நாளே முழக்கத்தின் இரண்டாம் பாதியை நிறைவேற்றிவிடுகிறார்.

இங்கே என் வாதத்துக்கு உண்மையான சிக்கல் ஒன்று எழுகிறது; இதை அவசரப்பட்டுக் கடக்க முடியாது. அந்த 'நீ' யார்? கொறங்காடு பட்டா நிலம். படலைத் திறக்க உரிமையுள்ளவரிடம் மட்டும் கேட்டால், மாணவர் கற்பது நிலமுடையவரின் கோணத்தைத்தான். கொங்கு நாட்டில் அந்த உடைமை பெரும்பாலும் எந்தச் சாதியிடம் இருக்கிறது, அந்தப் பண்ணையங்களில் மாடு கட்டி, சாணம் அள்ளி, வேலி அடைத்த அருந்ததியர் குடும்பங்கள் ஊரில் எந்தப் பக்கம் வாழ்கின்றன என்பது வாசகர்கள் அறியாததல்ல. வேலியைப் பற்றி அதை ஊன்றிய கைக்குத் தெரிந்தது வேறாக இருக்கலாம். மாணவர் குழு தோட்டத்து வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டால், 'உன் பார்வை' என்பது ஊரின் பலம் வாய்ந்த பார்வை என்று சுருங்கிவிடும். எனவே கேள்வி இரண்டு இடங்களில் கேட்கப்பட வேண்டும். விடைகள் வேறுபடும்போது அந்த வேறுபாட்டையே பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈகை வாசிப்பில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே 'கிராம மக்கள்' என்ற ஒற்றைப் பயனாளி போதும். சிக்கலை எழுப்புவதே என் வாசிப்பின் பலம் என்று கருதுகிறேன்.

வேறு இரண்டு மறுப்புகளுக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். வேலையோடு கல்வியைச் சேர்த்தால் 1953இன் குலக்கல்வித் திட்டம் வேறு வேடத்தில் திரும்பிவிடும் என்பது ஒன்று. அத்திட்டம் பிள்ளையைத் தன் தகப்பன் தொழிலுக்கே அனுப்பியது, 1954இல் கைவிடப்பட்டது. இங்கே நான் பேசுவது பிள்ளையை அடுத்தவரின் தொழிலுக்கு முன்னால் மாணவனாக நிறுத்துவது. திசையே நேர் எதிர். மாணவருக்கு நேரமில்லை, பாதிப்பேர் விடுமுறையில் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள் என்பது மற்றொன்று. நான் கூடுதல் நேரம் கேட்கவில்லை. இருக்கும் 120ஐ மாற்றிப் பிரிக்கச் சொல்கிறேன். தறியில் நிற்கும் மாணவர் குழுவுக்கு ஏற்கெனவே ஒரு பாடத்தைக் கொண்டுவருகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் உழைப்பையும் படிப்பையும் ஒரே கூரையில் வைத்த மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. 1930இல் அவினாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும், 1956இல் அங்கும் காந்திகிராமத்திலும் எழுந்த ஊரக உயர்கல்வி நிலையங்களும் சான்று. அவற்றில் மாணவர் தங்கி வாழ்ந்தார். நம் திட்டத்தில் மாணவர் வந்து போகிறார். வந்து போகிறவருக்குத்தான் திரும்பிப் பார்க்கும் நேரம் கூடுதலாக வேண்டும்.

எனவே தொடங்க விரும்பும் அலகுக்கோ இளைஞர் மன்றத்துக்கோ என் பரிந்துரை அடக்கமானது. அறிமுகப் பயிற்சியின் 20 மணியில் பாதியை வளாகத்திலிருந்து எடுத்து ஊருக்குள் வையுங்கள். பாடம் நடத்துவோர் ஊர்க்காரர்களாக இருக்கட்டும். களப்பணியின் 70 மணியில் பத்தைப் பிரித்துக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொருவரும் தான் தவறாக நினைத்து வந்த ஒன்றை எழுதட்டும். எழுதியதை ஊரில், இரண்டு தெருவிலும், படித்துக் காட்டட்டும். அங்கே 'அப்படியில்லீங்க தம்பி' என்று ஒருவர் எழுந்து திருத்தினால், அந்தத் திருத்தத்தையும் அறிக்கையில் சேர்க்கட்டும்.

வெள்ளகோவில் கடைமடை விவசாயிக்கு 'முறை' என்ற சொல் வாய்க்காலில் தன் பக்கம் தண்ணீர் திரும்பும் நாளையும் குறிக்கும். யாரும் யாருக்கும் தானமாக விடும் தண்ணீரில்லை அது. இன்று இவருக்கு, நாளை அவருக்கு. 'உனக்காக' என்பதை அந்தப் பொருளில் படித்தால், முகாம் முடியும் நாளில் ஊர் மாணவருக்கு ஒரு முறை கடன்பட்டிருக்கும். மாணவர் ஊருக்கு ஒரு முறை கடன்பட்டிருப்பார்.