மூழ்கும் கப்பலை விட்டு வெளியேற மறுத்த கேப்டன்... யார் இந்த மகேந்திர நாத் முல்லா?

1971 டிசம்பர் 9, இரவு சுமார் 9 மணி. டையூ கடற்கரைக்கு அப்பால் அரபிக்கடலில் சென்றுகொண்டிருந்த ஐ.என்.எஸ். குக்ரி கப்பலை டார்பிடோ தாக்குகிறது. சில நிமிஷத்திலேயே கப்பல் முழுசா மூழ்கிவிட்டது. தப்பிக்க வாய்ப்பிருந்தும் கேப்டன் மட்டும் வெளியே வரவில்லை. ஏன்?

யார் இவர்?

மகேந்திர நாத் முல்லா 1926 மே 15 அன்று உத்தரப் பிரதேச மாநிலம் கோரக்பூரில் பிறந்தவர். 1948ல் கடற்படை அதிகாரியானார். 1971ல் குக்ரியின் கேப்டனாக மட்டுமின்றி, நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்கள் அடங்கிய படைப்பிரிவுக்கும் தலைமை வகித்தார்.

குக்ரி ஏன் அங்கே போனது?

டிசம்பர் முதல் வாரத்தில் கராச்சி துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கியிருந்தது. அந்த நேரத்தில் டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று நடமாடுவது தெரியவந்தது. அதைத் தேடி அழிக்க குக்ரி, கிர்பான் ஆகிய இரு கப்பல்கள் அனுப்பப்பட்டன.

சிக்கல் என்னன்னா, எதிரே இருந்த 'ஹங்கோர்' பிரான்ஸில் கட்டப்பட்ட நவீன நீர்மூழ்கி. குக்ரியில் இருந்த சோனார் கருவியைவிட அதிக தூரத்திலேயே ஹங்கோரால் எதிரியைக் கண்டுபிடிக்க முடியும். அதாவது, தேடிப் போன கப்பலே முதலில் சிக்கியது.

கடைசி நிமிடங்கள்

டார்பிடோ தாக்கியதும் கப்பலைக் கைவிட கேப்டன் முல்லா உத்தரவிட்டார். இருட்டிலும் குழப்பத்திலும் வீரர்களைக் கடலில் குதிக்கச் சொன்னார். தன்னுடைய உயிர்காப்புச் சாதனத்தையே ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார். பிறகு, இன்னும் யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்க்க கப்பலின் மேல்தளக் கட்டுப்பாட்டு அறைக்கே திரும்பிப் போனார். கப்பலோடு அவர் மூழ்கியதைத்தான் உயிர் பிழைத்தவர்கள் கடைசியாகப் பார்த்தார்கள்.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள் என மொத்தம் 194 பேர் உயிரிழந்தனர். தப்பியவர்கள் 67 பேர். மறுநாள் ஐ.என்.எஸ். கட்சால் வந்து அவர்களை மீட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு போரில் இந்தியா இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரிதான்.

விருதும் நினைவும்

போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா, முல்லாவின் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2000ல் அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியானது.

டையூவில் கடலைப் பார்த்தபடி குக்ரி நினைவிடம் இருக்கிறது. அதே பெயரில் 1989ல் வந்த இரண்டாவது குக்ரி, 2021ல் ஓய்வுபெற்று, அருங்காட்சியகமாக்குவதற்காக அதே டையூவிடம் ஒப்படைக்கப்பட்டது.

பழைய கப்பலை நவீன நீர்மூழ்கிக்கு எதிராக அனுப்பியது சரியா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. ஆனா, தன் ஆட்களை விட்டுட்டு முதல்ல தப்பிக்கக் கூடாது என்று முல்லா எடுத்த முடிவைப் பற்றி யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.