செய்தியோடையும் வாசகனின் அந்தரங்கமும்

கல்லூரியின் அறிவித்தற் பலகையை நாடோறும் பார்த்துச் செல்லும் மாணவனை எவரும் பெயர் கேட்பதில்லை. புதிய அறிவித்தல் உண்டேல் வாசிப்பான். இன்றேல் தன் வழியே செல்வான். அவ்வறிவித்தலைத் தபாலிற் பெற விரும்புவோனோ தன் பெயரையும் முகவரியையும் கொடுத்தல் வேண்டும். முன்னையவன் செய்தியை நாடிச் செல்கின்றான். பின்னையவனைச் செய்தி தேடி வருகின்றது. இணையத்தளங்களிற் புதியன தோன்றுவதை அறிதற்கும் இவ்விரு நெறிகள் உள. மின்னஞ்சலும் சமூக வலைத்தளக் கணக்கும் பின்னைய நெறியின. செய்தியோடை முன்னைய நெறியினது. அதன் வரலாற்றையும், அது வாசகனின் அந்தரங்கத்தை எவ்வளவிற் காக்கின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

செய்தியோடை என்பது இணையத்தளமொன்று தன்னிடத்தே வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பேயாம். புதிய ஆக்கங்களின் தலைப்பு, நாள், சுருக்கம், இணைப்பு என்பன எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் அதன்கண் நிரல்பட அமைந்திருக்கும். வாசகனின் கணினியிலுள்ள ஓடைவாசிப்பான் என்னும் மென்பொருள் குறித்த கால இடைவெளிகளில் அக்கோப்பைப் பெற்று, முன்னர்க் கண்டவற்றோடு ஒப்பிட்டு, புதியனவற்றை எடுத்துக் காட்டும். பெயரோ மின்னஞ்சல் முகவரியோ கடவுச்சொல்லோ இதற்கு வேண்டா.

இவ்வமைப்பு அந்தரங்கத்தைக் காத்தற்பொருட்டுத் தோன்றியதன்று என்பது வியப்பிற்குரியது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் நெற்ஸ்கேப் நிறுவனம், தன் முகப்புத்தளத்திற்குப் பிற தளங்களின் செய்தித் தலைப்புக்களைத் திரட்டும்பொருட்டே ஆர்.எஸ்.எஸ். எனும் வடிவத்தை வெளியிட்டது. அதனை ஆக்கியோர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற ராமநாதன் குகாவும் டான் லிபியும் ஆவர். 2001இல் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. எனினும் வடிவம் அழிந்திலது. டேவ் வைனர் என்பார் அதனைப் பேணி வளர்த்து, 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்னும் பதிப்பை வெளியிட்டார். அதன் பதிப்புரிமை 2003இல் ஹாவட் பல்கலைக்கழகத்தின் பேர்க்மன் நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இக்காலத்திலேயே நெற்நியூஸ்வயர் போன்ற, வாசகனின் சொந்தக் கணினியில் இயங்கும் ஓடைவாசிப்பான்களும் பரவின. நிறுவனத்தின் முகப்புத்தளத்திலிருந்த பட்டியல் இவ்வாறு வாசகனின் வீட்டை அடைந்தது.

ஆயின், அப்பட்டியல் நெடுங்காலம் அங்கே தங்கிற்றில்லை. 2005இல் கூகிள் நிறுவனம் தொடக்கிய ஓடைவாசிப்பான் இணையத்திலேயே இயங்கிற்று. எக்கணினியிலிருந்தும் வாசிக்கலாம், கட்டணமும் இல்லை என்பதனாற் பலர் அதனை நாடினர். கணக்கொன்றைத் திறந்து, தாம் தொடரும் தளங்களின் பட்டியல் முழுவதையும் அங்கு வைத்தனர். ஒருவன் எவற்றையெல்லாம் தொடர்ந்து வாசிக்கின்றான் என்பதை அத்தளங்கள் தனித்தனியே அறியா. அதனை ஒரு நிறுவனம் ஒருங்கே அறியும் நிலை அப்பொழுது உண்டாயிற்று. 2013ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் அச்சேவை நிறுத்தப்படலாயிற்று. தம் பட்டியலை உரிய காலத்திற் கோப்பாகப் பெயர்த்தெடுத்தோர் அதனை வேறு ஓடைவாசிப்பான்களுக்குக் கொண்டு சென்றனர். பிறரிடம் வைத்த பொருளைப் பிறரது காலக்கெடுவுக்குள் மீட்கவேண்டியிருந்தமை அன்று புலனாயிற்று.

செய்தியோடை முற்றான மறைவைத் தருமென்று கொள்ளலுமாகாது. கோப்பைக் கேட்கும் கணினியின் இணைய முகவரி அத்தளத்திற்குத் தெரியவே செய்யும். ஓடையிலுள்ள படமொன்று வேறிடத்திலிருந்து வருமாயின் அவ்விடமும் அதனை அறியும். இணைப்பின்வழித் தளத்தினுட் புகுந்தால், அங்குள்ள கண்காணிப்புக்கு வாசகன் உட்படுவான்.

ஒருவன் வாசிப்பனவற்றின் பட்டியல் அவனது உள்ளத்தின் வரைபடமாகும். நோய் பற்றியும் சமயம் பற்றியும் அரசியல் பற்றியும் அவன் நாடுவன யாவும் அதன்கண் அடங்கும். அப்பட்டியல் எவர் கையிலுள்ளதோ அவர் கையிலேயே அவனது அந்தரங்கமும் உள்ளது. அதனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழி இன்றும் அடைபடவில்லை. செய்தித்தளங்கள் பல செய்தியோடைகளை இன்னும் வெளியிடுகின்றன. இணைய ஒலித்தொடர்களும் இவ்வோடைவழியே கேட்போரை அடைகின்றன. பலகையைப் பெயர் கூறாது பார்த்துச் செல்லும் உரிமையை நம் மாணவர் இணையத்திலும் பேணிக்கொள்வாராக.